காய்ப்பு ஓயும் காலம்: கோலாலம்பூர் சமூகத் தோட்டங்களுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிளாட் வீடுகளுக்குப் பின்னாலும், மின்கம்பிகளுக்குக் கீழுள்ள காலி நிலத்திலும், கோயிலை ஒட்டிய மூலையிலும் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் காய்கறித் தோட்டங்களுக்காக எழுதியது இது. விதைப்பதற்கும் உரம் போடுவதற்கும் வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். செடி ஓயத் தொடங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எப்போது பிடுங்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

கோலாலம்பூரில் குளிர்காலமே இல்லை. பிறகு எதை வைத்துப் பருவம் முடிகிறது என்று சொல்வது?

செடியை வைத்துத்தான். நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய 20 நிமிடம்தான் வேறுபாடு. வெயிலும் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது மழை மட்டுமே. ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் இடிமழை உச்சத்துக்குப் போகும். ஜூன் ஜூலையிலும், ஜனவரி பிப்ரவரியிலும் சற்றுக் குறையும்.

அதனால் தோட்டம் முழுவதும் ஒரே வாரத்தில் ஓய்வது இங்கே நடக்காது. இந்தப் பாத்தியில் வெள்ளரி முடிந்திருக்கும், பக்கத்துப் பாத்தியில் கத்தரி அப்போதுதான் பூத்திருக்கும். ஒவ்வொரு பாத்திக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

ஊரில் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பார்கள். அது இங்கே பொருந்துமா?

பொருந்தாது. தமிழ்நாட்டில் ஆடியில் விதைத்தால், அடுத்து வரும் மாதங்களின் மழை பயிரைத் தூக்கிவிடும். கோலாலம்பூர் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆடி மாதம் மழை குறைந்த நேரம். அப்போது விதைத்த வெண்டி, மிளகாய் காய்க்கத் தொடங்கும்போது அக்டோபர் மழை வந்து பூவை அடிக்கும், காயில் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் ஆடியிலும் விதைக்கலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பயிர் தீபாவளியை ஒட்டிய கனமழையில் ஓயும் என்பதைத் தெரிந்துகொண்டு விதைக்க வேண்டும்.

எந்தச் செடி எத்தனை நாளில் ஓயும்?

கீழே சொல்லும் நாள்கணக்கு தோராயமானது. மண், நிழல், வகை எல்லாவற்றையும் பொறுத்து முன்பின் ஆகும். ஆனாலும் "இது வயதா, நோயா" என்று முடிவெடுக்க முதலில் பார்க்க வேண்டியது விதைத்த தேதிதான்.

கங்கோங்கும் (நீர்க்கீரை) தண்டுக்கீரை வகைகளும் விதைத்த 3 முதல் 4 வாரத்தில் அறுவடைக்கு வரும். கங்கோங்கை மண்ணிலிருந்து நான்கைந்து செ.மீ. விட்டு அறுத்தால் இரண்டு மூன்று முறை துளிர்க்கும். அதன் பிறகு தண்டு மெலியும், இலை சிறுத்துவிடும். இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் அது வெண்துரு நோய். அதற்கப்புறம் அந்தப் பாத்தியை நீட்டித்துப் பயனில்லை.

வெள்ளரி 35 முதல் 45 நாளில் காய்க்கத் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் முடிந்துவிடும். இங்கே சொல்லும் காய்களில் மிகக் குறுகிய ஆயுள் இதற்குத்தான். கழுத்து மெலிந்து நுனி பருத்த கோணல் காய்கள் தொடர்ந்து வந்தால் கொடி களைத்துவிட்டது, அல்லது மகரந்தம் சரியாகச் சேரவில்லை.

பயத்தங்காய் 45 நாளுக்குப் பிறகு பறிப்புக்கு வரும். நன்றாகக் கவனித்தால் ஐந்தாறு வாரம் பறிக்கலாம். வெண்டியும் 45 முதல் 55 நாளில் தொடங்கும், ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் காய்க்கும். ஆளுயரம் வளர்ந்து, அடியில் இலையே இல்லாமல் உச்சியில் மட்டும் நாலு இலையும் ஒரு பூவும் நிற்கிறது என்றால் கடைசிக் கட்டம்.

கத்தரியும் மிளகாயும் அப்படியல்ல. நாற்று நட்டு இரண்டு மூன்று மாதத்தில் காய்க்கத் தொடங்கும். அதன் பிறகு வேர் நன்றாக இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும். சிலி பாடி (ஊசி மிளகாய்) இரண்டு ஆண்டுகூடக் காய்க்கும். இவை மூன்றாவது மாதத்திலேயே ஓய்வதுபோல் தெரிந்தால் அது வயது அல்ல. காரணத்தைத் தேடுங்கள்.

முருங்கை, கறிவேப்பிலை, செராய் (எலுமிச்சைப்புல்), பண்டான் (ரம்பை) எப்போது ஓயும்?

இவற்றுக்குப் பருவ முடிவு இல்லை. முருங்கை மட்டும் தொடர்மழையில் இலையை மொத்தமாகக் கொட்டும், காரணம் வேரில் தேங்கும் தண்ணீர். வடிகால் வெட்டி, மழை குறைந்ததும் இடுப்புயரத்துக்கு வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்க்கும். மின்கம்பிக்குக் கீழுள்ள தோட்டங்களில் எப்படியும் அதை உயரமாக வளரவிடக் கூடாது.

வாரம் ஒருமுறை பார்வையிடும்போது எதையெல்லாம் குறிக்க வேண்டும்?

பாத்திக்கு ஓர் எண் கொடுங்கள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். வாட்ஸ்அப்பில் போடும் படங்கள் இரண்டு மாதம் கழித்துக் கண்ணில் படாது. தேதியோடு தாளில் எழுதியது அப்படிக் காணாமல் போவதில்லை.

காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் பாருங்கள். மதிய வெயிலில் பூசணி, வெள்ளரி இலைகள் தொங்குவது இயல்பு. அதைப் பார்த்து வாடல் நோய் என்று எழுதிவிடக் கூடாது. காலையிலும் தொங்கினால்தான் பிரச்சினை.

பாத்தி ஒவ்வொன்றிலும் ஐந்து செடிகளுக்குத் துணிக்கயிறு கட்டி, எப்போதும் அதே ஐந்தையே பாருங்கள். நன்றாக இருக்கும் செடியைத் தேடிப் போவது மனித இயல்பு, அதைத் தடுக்கத்தான் இந்தக் கயிறு. ஒவ்வொன்றிலும் நான்கு விஷயம்: திறந்த பூக்கள் எத்தனை, பறிக்கும் அளவுக்கு வந்த காய்கள் எத்தனை, அடியிலிருந்து எத்தனை இலை மஞ்சளாகிவிட்டது, நுனியில் புதுத் துளிர் இருக்கிறதா இல்லையா. பறித்த காயின் எடையை அன்றன்றைக்கே எழுதுங்கள். எடை உச்சத்தின் பாதிக்குக் கீழே இறங்கி, இரண்டு வாரம் தொடர்ந்து அப்படியே இருந்தால் பாத்தி இறங்குமுகம் என்று குறிக்கலாம்.

பயிரியலில் பி.பி.சி.எச். என்றோர் அளவுகோல் உண்டு. முளைப்பதை 0 என்றும், பூப்பதை 6 என்றும், பழுப்பதை 8 என்றும், முதிர்ந்து உலர்வதை 9 என்றும் எண்ணால் குறிப்பார்கள். பலர் மாறி மாறி எழுதும் நோட்டில் "கொஞ்சம் வாடியிருக்கு" என்பதைவிட இந்த எண்கள் தெளிவாக இருக்கும்.

மழையையும் அளந்துவையுங்கள். பக்கம் நேராக உள்ள ஒரு டின்னைத் திறந்த வெளியில் வைத்து, மறுநாள் காலையில் ஸ்கேல் வைத்து மி.மீ. கணக்கில் எழுதிவிட்டு, உடனே கொட்டிவிடுங்கள்.

பூ இல்லை என்று எழுதியிருக்கிறோம், ஆனால் காய் வருகிறதே?

பார்க்கும் நேரம் தவறியிருக்கும். பயத்தங்காய்ப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். வெண்டிப் பூவும் ஒரு நாள் பூதான். பாகல் காலையில் விரியும். பீர்க்கு அதற்கு நேர்மாறு: மாலை ஐந்து மணி வாக்கில்தான் மஞ்சள் பூ விரியும். புடலையும் சுரையும் இருட்டும் நேரத்துக்குப் பூப்பவை. கொடிக் காய்கள் உள்ள பாத்தியை மாதத்தில் இரண்டு நாளாவது மாலையில் போய்ப் பாருங்கள். பீர்க்கங்காய் பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிர்ந்தால், அதே மாலை நேரத்தில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தடவிவிட்டுப் பார்க்கலாம். அப்படிச் செய்த பிஞ்சு நின்றால் கொடிக்கு வயதாகவில்லை, மகரந்தம் சேர்க்கும் பூச்சி வரவில்லை என்று பொருள்.

இலை மஞ்சளாகிறது. வயதா, பசியா, நோயா?

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். எந்த இலை, இலையில் எந்தப் பகுதி என்று இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

அடியிலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிறி மஞ்சளானால் இரண்டு காரணம் இருக்கலாம். செடி முதிரும்போது பழைய இலையிலுள்ள நைட்ரஜனை எடுத்துக் காய்க்கும் விதைக்கும் அனுப்புகிறது. மண்ணில் நைட்ரஜன் இல்லாதபோதும் இதே வேலையைச் செய்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்துப் பார்க்க ஒரே வழி, ஊட்டம் கொடுத்துக் காத்திருப்பது. மக்கிய கோழி எருவைச் செடிக்கு இரண்டு கைப்பிடி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு மண்ணால் மூடுங்கள். 10 முதல் 14 நாளில் நுனியில் அடர்பச்சைத் துளிர் வந்தால் அது பசி. ஒன்றும் வராமல் மஞ்சள் மேலேறிக்கொண்டே போனால், செடி தன் வேலையை முடித்துவிட்டது. கோலாலம்பூர் மழையில் நைட்ரஜன் வேகமாகக் கரைந்து போகும். ஆகவே மழை மாதங்களில் பசியை வயது என்று நினைத்துப் பிடுங்கிவிடும் வாய்ப்பு அதிகம்.

அடியிலையில் நரம்பு பச்சையாக இருந்து, நரம்புக்கு இடையில் மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் போதவில்லை. எப்சம் உப்பு லிட்டருக்கு 10 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். அதே தோற்றம் நுனி இலையில் வந்தால் இரும்புச்சத்து போதவில்லை. பெரும்பாலும் சுண்ணாம்பு அதிகமாகப் போட்ட பாத்தியில்தான் இதைக் காண்பீர்கள்.

வெண்டியில் தலைகீழாக வரும்: நரம்பு மஞ்சள், இடைப்பகுதி பச்சை. அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு வைரஸ். மருந்து கிடையாது. ஒன்றிரண்டு செடியில் இருந்தால் உடனே பிடுங்குங்கள். பாத்தியில் பாதிக்கு மேல் வந்துவிட்டால் இருக்கும் காயைப் பறித்துவிட்டு மொத்தமாக முடித்துவிடலாம்.

வெள்ளரி இலையில் நரம்புகளுக்குள் அடங்கிய கோணமான மஞ்சள் திட்டுகள் இருந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். காலை ஈரத்தில் சாம்பல் ஊதா நிறப் படலம் தெரியும். அடிச்சாம்பல் நோய். வயதான கொடியில் இது வந்தால் போராட வேண்டாம். இளங்கொடி பக்கத்தில் இருக்கிறது என்றால் பழையதை அன்றைக்கே எடுங்கள், நோய்க்கிருமியின் வித்து காற்றில் பரவும்.

மிளகாய் இலை சுருண்டால்: மேல்நோக்கிச் சுருள்வது இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருள்வது சிலந்திப்பேன். இரண்டும் வயதின் அடையாளம் அல்ல.

நேற்று நன்றாக இருந்த கத்தரி, இன்று பச்சையாகவே தலை தொங்கிவிட்டது. என்ன ஆயிற்று?

இலை மஞ்சளாகாமலே வாடினால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், இஞ்சி எல்லாவற்றையும் தாக்கும். தோட்டத்திலேயே சோதிக்கலாம். மண்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை வெட்டுங்கள். கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை தண்ணீரில் லேசாகத் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெள்ளை நூல்போல் பால் இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

செடியை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் எடுத்துப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். உரக்குழியில் போடக் கூடாது. கத்தி, மண்வெட்டியை ஒரு பங்கு குளோராக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்), ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள். கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும், மழைத்தண்ணீரோடு சரிவில் இறங்கும். அதனால் நோட்டில் பாத்தி எண்ணை மட்டும் எழுதாமல், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஓர் அம்புக்குறியும் போட்டுவையுங்கள். கீழ்ப்பக்கப் பாத்தியில் அடுத்த முறை கத்தரி வைக்கக் கூடாது.

தண்டின் அடியில் வெள்ளை நூல்வலையும், அதில் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் இருந்தால் அது வேறு: மண்ணில் வாழும் பூஞ்சணம். அந்தக் கடுகுருண்டைகள்தான் அடுத்த பயிருக்கு நோயைக் கொண்டுபோகும். மேல்மண்ணோடு வழித்தெடுத்து அகற்றுங்கள்.

செடியைப் பிடுங்கியபின் வேரில் என்ன பார்ப்பது?

பலர் வேரைப் பார்க்காமலே தூக்கிப் போடுகிறார்கள். பருவம் முழுக்க மண்ணுக்குள் என்ன நடந்தது என்பதை வேர்தான் காட்டும். ஒரு வாளித் தண்ணீரில் அலசிவிட்டுப் பாருங்கள்.

பயத்தங்காய் வேரிலுள்ள சிறு உருண்டைகள் நல்லவை. விரலால் தள்ளினால் எளிதாக உதிரும். நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் நைட்ரஜன் சேர்த்துக்கொண்டிருந்தது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது. காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போதே உருண்டைகள் பழுப்பாக இருந்தன என்றால், அடுத்த முறை அந்தப் பாத்தியின் அமிலத்தன்மையைச் சோதியுங்கள்.

வெண்டி, கத்தரி வேரில் முடிச்சு இருந்தால் அது நூற்புழு. இந்த முடிச்சு உதிராது, வேரே வீங்கியிருக்கும். அந்த வேர்களை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு அங்கே துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நடுங்கள். பூவும் கிடைக்கும், புழுவும் குறையும்.

நல்ல பயத்தங்காய் வேரைப் பிடுங்க வேண்டாம். தண்டை மண்மட்டத்தில் வெட்டிவிட்டு வேரை மக்கவிடுங்கள்.

பயத்தங்காய் பறிப்பு திடீரென்று குறைந்துவிட்டது. முடித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் கொடியில் முற்றிய காய் தொங்குகிறதா என்று பாருங்கள். விதை முற்றத் தொடங்கினால் கொடி புதுப் பூ விடுவதைக் குறைத்துவிடும். பூத்துப் பத்து நாளில் பறிக்க வேண்டியதை இரண்டு வாரம் விட்டால் இதுதான் விளைவு. பெருநாள் விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போய்த் திரும்பிய வாரத்தில் பல தோட்டங்களில் இதைப் பார்க்கலாம். முற்றியதையெல்லாம் பறித்து, உரம் வைத்து, தண்ணீர் ஊற்றினால் இரண்டாம் சுற்றுப் பூ வரக்கூடும். அடுத்து நுனியைப் பாருங்கள். கருப்புச் செடிப்பேன் கூட்டமும் எறும்பும் இருந்தால் நுனியை ஒடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். நுனி சுத்தமாக இருந்து, முற்றிய காயும் இல்லாமல், பத்து நாள் கழித்தும் பூ வரவில்லை என்றால் முடிக்கலாம்.

கத்தரியை வெட்டிவிட்டு மறுபடி காய்க்க வைக்க முடியுமா?

முடியும். வேர் நன்றாக இருக்கும் செடிக்கு மட்டும். மழை இல்லாத காலையில், மண்ணிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி சாய்வாக வெட்டுங்கள். எரு வைத்து மூடாக்குப் போட்டால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுகாய்ப்பு வரும். மிளகாயை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். தொடர்மழை வாரத்தில் வெட்டினால் வெட்டுக்காயம் அழுகித் தண்டோடு போகும்.

வெண்டியிலும் சிலர் இதைச் செய்கிறார்கள். இங்கே அதைப் பரிந்துரைக்க மாட்டோம். முதல் சுற்றிலேயே நூற்புழு ஏறியிருக்கும், புதிதாக விதைப்பது அதைவிட வேகம்.

விதைக்கு எந்தக் காயை விடுவது?

கடைசியில் மிஞ்சியதை அல்ல. பறிக்க மறந்து முற்றியதை விதைக்கு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். களைத்த கொடியின் கடைசிக் காயில் விதை சிறுத்திருக்கும், வைரஸ் ஏறியிருக்கும் வாய்ப்பும் அதிகம். பயத்தங்காயில் தேமல் வைரஸ்கள் சில விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போதே நோயில்லாத ஐந்து செடிகளையாவது தேர்ந்து, சிவப்பு நாடா கட்டி, "பறிக்காதீர்கள்" என்று எழுதித் தொங்கவிடுங்கள். பாக்கெட்டில் எஃப்1 (கலப்பின விதை) என்று அச்சிட்டிருந்த வகையாக இருந்தால் விதை எடுப்பது வீண், அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. பயத்தங்காய் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. வெண்டியில் தேனீ கலப்பு உண்டு, இரண்டு வகை அருகருகே இருந்தால் கலந்துவிடும்.

வெண்டிக்காய் செடியிலேயே பழுப்பாகிக் காய வேண்டும், பூத்ததிலிருந்து ஐந்து வாரம் ஆகும். மழை மாதத்தில் அவ்வளவு நாள் விட்டால் உள்ளே கருப்புப் பூஞ்சணம் பிடிக்கும். நிறம் மாறத் தொடங்கியதும் காம்போடு வெட்டிக் கூரைக்குக் கீழே தொங்கவிடுங்கள். பயத்தங்காய் வெளிறிச் சுருங்கியதும் எடுக்கலாம். கத்தரி நிறம் மங்கி மஞ்சளாகி மிருதுவாக வேண்டும். பிசைந்து தண்ணீரில் கரைத்தால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடுங்கள். வெள்ளரியும் முழு மஞ்சளாக முற்ற வேண்டும். விதையைச் சதையோடு ஒன்று முதல் இரண்டு நாள் புளிக்கவிட்டு அலசினால் வழவழப்பு போகும். இங்குள்ள சூட்டில் மூன்று நாள் விட்டால் முளைத்துவிடும்.

உலர்த்துவதுதான் நம் ஊரில் கடினம். காற்றில் எப்போதும் ஈரம். நேர்வெயிலில் வைத்தால் விதை வெந்துபோகும், இரவில் வெளியே விட்டால் பகலில் போன ஈரம் திரும்பிவிடும். தாளில் பரப்பி வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு பச்சரிசியை எண்ணெயில்லாமல் பொன்னிறமாக வறுத்து, முழுவதும் ஆறியதும், விதையின் அளவில் இரண்டு பங்கு எடுத்து இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். விதையை மெல்லிய துணியில் கட்டி அதன்மேல் வைத்து ஒரு வாரம் மூடிவையுங்கள். பயத்தம் விதையைப் பல்லால் கடித்தால் பல்தடம் விழக் கூடாது. அந்த அளவுக்குக் காய்ந்ததும் உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் வயலிலேயே விதையில் ஏறிய பயறு வண்டுகள் முட்டையோடு செத்துப்போகும். ஈரமான விதையை உறைபெட்டியில் வைத்தால் விதையே செத்துவிடும், ஆகவே கடித்துப் பார்க்காமல் வைக்காதீர்கள்.

மஞ்சளும் இஞ்சியும் எப்போது தோண்டலாம்?

பொங்கலுக்கு இலையோடு கட்டும் மஞ்சள் கொத்து வேண்டுமென்றால் ஜனவரியில் இலை பச்சையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். சமையலுக்கான முற்றிய மஞ்சள் என்றால் இலை முழுதும் மஞ்சளாகித் தண்டு சாயும்வரை, எட்டு ஒன்பது மாதம் காத்திருங்கள். விடாமல் மழை பெய்யும் ஆண்டில் பழைய தண்டு காயும்போதே பக்கத்தில் புதுத்தண்டு முளைக்கும். மொத்தமும் காயட்டும் என்று காத்தால் கிழங்கு அழுகும். மூன்றில் இரண்டு பங்கு காய்ந்ததும் ஓர் ஓரத்தைக் கையால் தோண்டிப் பாருங்கள். தோல் விரலால் தேய்த்து உரியாமல் கெட்டியாக இருந்தால் எடுக்கலாம். இளம் இஞ்சி ஐந்தாறு மாதத்தில், முற்றியது எட்டு ஒன்பது மாதத்தில்.

கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் வேலை) வைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வரும்போது தோட்டம் பளிச்சென்று ஆகும், உண்மைதான். ஆனால் காய்த்துக்கொண்டிருக்கும் கத்தரியும், நாடா கட்டிய விதைச்செடியும் அதோடு போய்விடும். வெறும் மண்ணில் மாலை இடிமழை விழுந்தால் மேல்மண் கால்வாயில் ஓடும். முந்தின வாரம் நோட்டைப் பார்த்து, எடுக்க வேண்டிய பாத்திகளில் மட்டும் குச்சி நட்டுவையுங்கள். எடுத்த பாத்தியை அன்றைக்கே காய்ந்த புல்லாலோ அட்டைப்பெட்டியாலோ மூடுங்கள், அல்லது பாசிப்பயறு தூவுங்கள். ஐந்தாறு வாரத்தில் பூக்கத் தொடங்கியதும் அறுத்து அங்கேயே பரப்பிவிடலாம்.

காய்ந்த கொடிகளை எரிக்கலாமா?

கூடாது. திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். நோயில்லாத கொடியைக் கையளவு துண்டுகளாக வெட்டி உரக்குழியில் போடுங்கள். சிறு தோட்டக் குவியல்கள் கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை. எனவே வாடல் நோய்ச் செடி, முடிச்சு வேர், அழுகிய மிளகாய் இவை குழிக்குப் போகக் கூடாது. கிளறும்போது கையுறை போடுங்கள், ஆப்பிரிக்க நத்தைகள் அங்கேதான் பதுங்கும்.

கொடி எடுத்தபின் மூங்கில் கொம்புகளை அப்படியே விட்டுவைக்கலாமா?

விட்டால் கொசு வரும். வெட்டிய மூங்கிலின் திறந்த முனையில் மழைநீர் தேங்கும், ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். இந்தச் சூட்டில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். கணுவை ஒட்டி வெட்டினால் குழியே இருக்காது. இல்லையென்றால் மணலை நிரப்புங்கள். வாராந்தரப் பார்வையில் கொம்பு முனை, தொட்டித்தட்டு, மழை டின், தண்ணீர்த் தொட்டியின் மூடி நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நடவுக்கு நோட்டை எப்படிப் பயன்படுத்துவது?

பாத்திக்கு ஒரு வரி எழுதுங்கள்: என்ன பயிர், எந்த வாரம் உச்சம், எதனால் முடிந்தது. "எதனால்" என்பதில் வயது, பசி, நோய், மழை, பறிக்க ஆளில்லை என்ற ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தால் போதும். நோயால் முடிந்த பாத்தியில் அதே குடும்பத்துப் பயிர் வரக் கூடாது. கத்தரி, தக்காளி, மிளகாய் ஒரே குடும்பம். வெள்ளரி, பாகல், பீர்க்கு, புடலை, பூசணி ஒரே குடும்பம். கத்தரி போன இடத்தில் பயறு, பிறகு கீரை, பிறகு கொடிக்காய் என்று மூன்று சுற்றாவது தள்ளுங்கள். பாக்டீரியா வாடல் வந்த பாத்தியில் மூன்று சுற்று போதாது. அங்கே கத்தரிக் குடும்பத்தையும் இஞ்சியையும் சில ஆண்டுகளுக்கு மறந்துவிட்டு, கங்கோங்கும் பயறும் போடுங்கள்.

பசியால் முடிந்த பாத்தியில் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) அளந்து பாருங்கள். நம் செம்மண் பெரும்பாலும் அமிலம் மிகுந்தது, காய்கறிக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். 5-க்குக் கீழே இருந்தால் டோலமைட் சுண்ணாம்பு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் தூவிக் கிளறி, இரண்டு வாரம் கழித்துத்தான் கோழி எரு. இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எருவின் நைட்ரஜன் அம்மோனியா வாடையாகப் பறந்துவிடும். மழையால் முடிந்த பாத்திக்கு உரமோ மருந்தோ வேண்டாம். மேட்டை இன்னும் ஒரு சாண் உயர்த்தி, விதைக்கும் மாதத்தை மாற்றுங்கள்: காய்ப்பு உச்சம் ஜனவரி பிப்ரவரியிலோ ஜூன் ஜூலையிலோ விழும்படி, பயிரின் நாள்கணக்கைப் பின்னோக்கி எண்ணி விதைக்கும் தேதியை நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிவையுங்கள்.